வெறுமையைக் காக்கும் உலோகம்

நிறைத்தல் எளிது, வெறுமையாக்குதல் அரிது. குடத்தை நீரால் நிறைக்கச் சிறு பிள்ளைக்கும் தெரியும். அந்நீரைக் கவிழ்த்துவிட்டபின் குடத்தை நோக்கி, "வெறுங்குடம்" என்கிறோம். ஆனால் அக்குடம் மெய்யாகவே வெறுமையானதா? நீர் வெளியேறிய அக்கணமே காற்று உட்புகுந்து அதன் இடத்தைப் பிடித்துக்கொள்கின்றது. அறை வெப்பநிலையில் ஒரு கன சதமீற்றர் காற்றில், அதாவது ஒரு சுண்டுவிரல் நுனியளவு இடத்தில், ஏறத்தாழ இரண்டரை இலட்சம் கோடி கோடி மூலக்கூறுகள் நெருக்கியடித்துக்கொண்டு ஓடித் திரிகின்றன. ஒரு மூலக்கூறு மற்றொன்றுடன் மோதாமற் செல்லக்கூடிய தூரம், சராசரியாக ஒரு மில்லிமீற்றரின் பதினையாயிரத்தில் ஒரு பங்கே. சந்தை நாளிற் சனக்கூட்டத்தினூடு செல்பவனுக்கும் இத்துணை நெருக்கடி இராது!

இக்கூட்டத்தை முற்றாக வெளியேற்றி, வெறும் இடத்தை மட்டும் எஞ்சவிடுவது இயலுமா? இவ்வினா மனிதனை நெடுங்காலமாக ஈர்த்து வந்துள்ளது. இத்தாலியரான தொரிசெல்லி 17 ஆம் நூற்றாண்டில் இரசம் நிரப்பிய கண்ணாடிக் குழாயைக் கவிழ்த்து, அதன் உச்சியில் வெற்றிடம் உண்டாவதைக் காட்டினார். அதே நூற்றாண்டில் ஜெர்மனியின் மக்டபேர்க் நகரத்தவரான ஓட்டோ வொன் கெரிக்கே, இரண்டு அரைக்கோளங்களை ஒன்றாகப் பொருத்தி உள்ளிருந்த காற்றை இறைத்தார். இருபுறமும் குதிரைகளைப் பூட்டி இழுத்தும் அவை பிரியவில்லை. அன்று அது பார்ப்போரை வியப்பிலாழ்த்திய வேடிக்கை. இன்றோ வெற்றிடம் மருத்துவமனைக்கும் ஆய்வுகூடத்துக்கும் இன்றியமையாத கருவியாகிவிட்டது.

இறைக்க இறைக்க ஊறும் கிணறு

தோட்டக் கிணற்றை இறைத்துப் பழகியவர்கள் ஓர் உண்மையை நன்கறிவர். எத்துணை விரைவாக இறைத்தாலும் அடியில் ஊற்று ஊறிக்கொண்டே இருக்கும். இறைப்பை நிறுத்தினாற் சில மணி நேரத்தில் நீர்மட்டம் பழைய நிலைக்கு ஏறிவிடும். வெற்றிடத்தின் கதையும் இதுவே.

ஓர் எஃகுப் பாத்திரத்திலிருந்து காற்றைப் பம்பியினால் வெளியேற்றுகிறோம் எனக் கொள்வோம். உள்ளே நின்ற காற்று விரைவில் அகன்றுவிடும். ஆனாற் சுவரில் ஒட்டியிருந்த நீராவி மெல்ல மெல்லப் பிரிந்து வரும். எஃகை உருக்கி வார்த்த காலத்திலேயே அதனுட் கரைந்துபோன ஐதரசன், உலோகத்தின் ஆழத்திலிருந்து கசிந்து வரும். கண்ணாடிச் சுவரானால் வெளிக்காற்றிலுள்ள ஈலியங்கூட அதனை ஊடுருவி உட்புகும். பாத்திரத்தைச் சூடாக்கி வாட்டியெடுத்தால் இவ்வூற்றுப் பெரிதும் குறையும், முற்றாக நிற்காது. ஆகவே வெற்றிடத்தை ஒருமுறை உண்டாக்கிவிட்டால் மட்டும் போதாது. அதனைக் காக்கவும் வேண்டும்.

காக்க வேண்டியதன் அவசியத்தை ஒரு கணக்குத் தெளிவாக்கும். வெற்றிட அறிஞர்கள் அமுக்கத்தைத் தொரிசெல்லியின் பெயரால் வழங்கும் "தொர்" என்னும் அலகினால் அளப்பதுண்டு. வளிமண்டல அமுக்கம் 760 தொர். அமுக்கத்தை ஒரு தொரின் பத்து இலட்சத்தில் ஒரு பங்காகக் குறைத்தாலும், உள்ளே வைக்கப்பட்ட தூய உலோகப் பரப்பொன்றை எஞ்சிய மூலக்கூறுகள் ஏறத்தாழ ஒரே வினாடியிற் போர்வையாக மூடிவிடக்கூடும். ஆயிரம் கோடியில் ஒரு பங்காகக் குறைத்தால் அப்பரப்புச் சில மணி நேரம் தூயதாக நிற்கும். அந்நிலையிலும் ஒரு கன சதமீற்றரில் 30 இலட்சத்துக்கு மேற்பட்ட மூலக்கூறுகள் உள! ஆயினும் அவற்றுள் ஒன்று இன்னொன்றைச் சந்திக்காமற் செல்லக்கூடிய தூரம் 500 கிலோமீற்றரளவு. பருத்தித்துறையிலிருந்து தெய்வேந்திரமுனை வரையுள்ள தூரத்தினும் மிகுதி. இத்தகைய வெறுமையை உண்டாக்குவதும் காப்பதும் இறைக்கும் பம்பியால் மட்டும் ஆகக்கூடியதன்று.

வாயுவைப் பிடிக்கும் பொறி

இச்சிக்கலுக்கு முதல் வழியைக் காட்டியது மின்குமிழ்த் தொழில். எடிசன் 1879 இல் தமது மின்விளக்கை எரித்துக் காட்டிய காலத்தில், குமிழினுள் எஞ்சிய காற்றே இழையின் முதற் பகைவனாயிருந்தது. இரசப் பம்பிகளால் ஒவ்வொரு குமிழையும் இறைத்து முடிக்க நெடுநேரம் பிடித்தது. இத்தாலியின் ஊடினே நகரைச் சேர்ந்த ஆர்த்துரோ மலிஞ்ஞானி என்பவர் 1890களில் ஒரு புதுவழி கண்டார். குமிழினுட் சிறிதளவு சிவப்புப் பொசுபரசை வைத்து, ஓரளவு இறைத்தபின் அதனைச் சூடாக்கினார். பொசுபரசு ஆவியாகி, எஞ்சிய வாயுக்களைப் பற்றிக்கொண்டு சுவரிற் படிந்தது. பம்பியால் வெளியேற்ற முடியாததை உள்ளிருந்தே அடக்கிவிட்டது! இம்முறையின் உரிமையை அமெரிக்க மின்குமிழ்த் தொழிலினர் 1896 இல் விலைக்கு வாங்கினர்.

இவ்வாறு உள்ளிருந்தபடியே வாயுவைப் பற்றும் பொருளை மேனாட்டார் "கெற்றர்" என்பர். நாம் அதனை "வாயுபற்றி" என்று அழைப்போம். பழைய வானொலிப் பெட்டிகளின் கண்ணாடி வால்வுகளைப் பார்த்தவர்கள், அவற்றின் உச்சியிற் கண்ணாடிபோற் பளபளக்கும் வெள்ளிநிறப் பூச்சொன்றைக் கண்டிருப்பர். பலரும் அதனை அழகுக்காக இட்ட பூச்சு என எண்ணியதுண்டு. அது பேரியம் என்னும் உலோகத்தின் மெல்லிய படலம். வால்வினுட் கசியும் வாயுவைப் பற்றிக்கொள்ளும் காவலன். வால்வு வெடித்துக் காற்று உட்புகுந்தால் அப்பளபளப்பு மறைந்து வெள்ளையாகிவிடும். காவலன் தன்னால் இயன்றவரை போராடி மடிந்தமைக்கு அதுவே அடையாளம்.

ஆனாற் பேரியம் எங்கும் பயன்படாது. அது எளிதில் ஆவியாகும். மிகுந்த வெப்பமும் உயர்ந்த மின்னழுத்தமும் உள்ள பெருங்கருவிகளில் அது வேண்டாத இடங்களிற் படிந்து மின்கசிவுக்கு வழிசெய்துவிடும். அன்றியும், அடிக்கடி திறந்து மூட வேண்டிய ஆய்வுப் பாத்திரங்களுக்கு, ஒருமுறை படிந்தபின் புதுப்பிக்க இயலாத படலம் எவ்வாறு உதவும்? வெப்பத்தைத் தாங்குவதும், பெரும்பசி கொண்டதும், பற்றியதை விடாததுமான வேறோர் உலோகம் தேவைப்பட்டது. அவ்வுலோகமே தைத்தேனியம். டைட்டேனியம் எனப் பலரும் எழுதுவதும் இதனையே.

குற்றம் குணமாகிய கதை

தைத்தேனியத்தின் வரலாறு விந்தையானது. இங்கிலாந்தின் கோண்வால் பகுதியிற் சமயகுருவாயிருந்த வில்லியம் கிரெகர், 1791 இல் ஓடையோரக் கரிய மணலை ஆராய்ந்து, அதில் அறியப்படாத உலோகமொன்று இருப்பதைக் கண்டார். சில ஆண்டுகளின் பின் ஜெர்மானிய இரசாயன அறிஞர் கிளப்ரோத், கிரேக்கப் புராணத்தில் வரும் தைத்தன்கள் என்னும் பேராற்றல் படைத்தோரின் நினைவாக அதற்குப் பெயரிட்டார்.

பெயர் கிடைத்தது, உலோகம் கிடைக்கவில்லை. இரும்புத் தாதுவைக் கரியுடன் சேர்த்து உருக்கினால் இரும்பு பிரிந்து வரும். தைத்தேனியத்தின் தாதுவை அவ்வாறு செய்தாற் கரியையே அது பற்றிக்கொள்ளும். திறந்த காற்றிற் சூடாக்கினால் ஒட்சிசனையும் நைதரசனையும் பற்றிக்கொண்டு உடையும் பொருளாகிவிடும். ஏறக்குறைய தூய உலோகத்தை அமெரிக்கரான மத்தியூ ஹன்ரர் 1910 இல் தான் பெற்றார். லக்சம்பேர்க்கில் பிறந்த வில்லியம் குரோல், காற்றுப் புகாத கலத்தில், எதனுடனும் சேராத ஆகன் வாயுவின் காவலில், மக்னீசியத்தைக் கொண்டு தைத்தேனியத்தைப் பிரிக்கும் முறையை வகுத்தார். அம்முறையைத் தழுவி 1948 இல் அமெரிக்காவில் அதன் வாணிப உற்பத்தி தொடங்கியது. கிரெகர் மணலைக் கண்ட நாளுக்கும் இந்நாளுக்கும் இடையே ஒன்றரை நூற்றாண்டுக்கு மேற்பட்ட காலம் கழிந்துவிட்டது.

இத்தனை காலமும் அறிஞர்களை அலைக்கழித்த குற்றம் யாது? காற்றிலுள்ள எதனையும் விடாது பற்றும் அதன் பேராசையே அன்றோ? வெற்றிட அறிஞர்கள் அப்பேராசையையே வேலைக்கு அமர்த்தினர். உலைக்களத்தில் தீராத தொல்லையாயிருந்த குணம், வெற்றிடக் கலத்தில் ஒப்பற்ற தொண்டாயிற்று.

பற்றும் வகை

இத்தொண்டு மூன்று வழிகளில் நடைபெறுகின்றது. முதலாவது, ஆவியாக்கிப் படியச் செய்தல். தைத்தேனியமும் மொலித்தனமும் கலந்த இழையொன்றிற் பெருமளவு மின்னோட்டத்தைச் செலுத்தினால் அது கொதிசூடு அடையும். தைத்தேனியத்தின் உருகுநிலை 1,668 பாகை செல்சியசு. அந்நிலையை அடையுமுன்பே, கற்பூரம் உருகாது ஆவியாவதுபோல், அணுக்கள் இழையிலிருந்து பறந்து சென்று பாத்திரத்தின் சுவரிற் புதிய படலமாகப் படிகின்றன. அப்படலத்தில் வந்து வீழும் ஒட்சிசன், நைதரசன், காபனோரொட்சைட்டு, நீராவி முதலியன, பலாப்பாலிற் காலூன்றிய குருவிபோல் அகப்பட்டுக்கொள்கின்றன. குருவியாவது சிறகடித்து மீளக்கூடும், இவற்றுக்கு மீட்சியில்லை. அவை தைத்தேனியத்துடன் இரசாயன முறையிற் சேர்ந்து திண்மமாகிவிடுகின்றன. ஐதரசன் மட்டும் படலத்தினுட் கரைந்து ஒளிந்துகொள்கின்றது. மிகுந்த சூடேற்றினால் அது மீண்டும் வெளிவரும்.

படலம் நிறைந்துவிட்டால் என் செய்வது? சாணமிட்டு மெழுகிய முற்றம் அழுக்கானால் மீண்டும் மெழுகுவதுபோல், இழையை மறுபடி சூடாக்கிப் பழையதன் மேலே புதிய படலத்தை இடவேண்டும். அமுக்கம் சற்று மிகுதியாயிருப்பின் சில நிமிடங்களுக்கொரு முறையும், மிகக் குறைந்திருப்பின் பல மணி நேரத்துக்கொரு முறையும் இவ்வாறு செய்தாற் போதும். 1950களில் அமெரிக்காவின் விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தில் ரேமண்ட் ஹேர்ப் என்பவரும் அவருடைய தோழரும் தைத்தேனியத்தை ஆவியாக்கும் பம்பியை அமைத்து இவ்வழிக்கு அடிகோலினர். அதுவரை பெரிதும் பயன்பட்ட எண்ணெய்ப் பம்பிகளில், எண்ணெயின் ஆவி கலத்தினுட் புகுந்து பரப்புகளை மாசுபடுத்தும் இடையூறு இருந்தது. தைத்தேனியத்தில் எண்ணெயுமில்லை, சுழலும் உறுப்புமில்லை, ஓசையுமில்லை.

இரண்டாவது வழி, அயன் பம்பி. அமெரிக்காவின் வேரியன் நிறுவனத்தார் 1950களின் பிற்பகுதியில் இதனை வழக்கிற்குக் கொணர்ந்தனர். தேன்கூட்டின் அறைகளைப் போன்ற எஃகுக் குழாய்களின் இருபுறமும் தைத்தேனியத் தகடுகள் நிற்கும். சில ஆயிரம் வோல்ற்று மின்னழுத்தத்தைக் கொடுத்து, வலிய காந்தமொன்றையும் வைத்தால் இலத்திரன்கள் நேரே ஓடிவிட முடியாமற் சுழன்று திரியும். அவற்றோடு மோதும் வாயு மூலக்கூறு மின்னேற்றம் பெற்று, தைத்தேனியத் தகட்டை நோக்கிப் பாயும். மழைத்துளி விழுந்த புழுதியிலிருந்து மண் தெறிப்பதுபோல், அத்தாக்குதலால் தைத்தேனிய அணுக்கள் தெறித்து அருகிலுள்ள சுவர்களிற் படியும். தெறித்த அணுக்களே புதிய வாயுபற்றியாகின்றன. வாயு மிகுந்தால் தெறிப்பும் மிகும். குறைந்தால் தெறிப்பும் குறையும். தேவைக்கேற்பத் தன்னைத்தானே அளந்து செலவிடும் சிக்கனக்காரன் இப்பம்பி! அன்றியும், அதிலோடும் மின்னோட்டத்தைப் பார்த்தே உள்ளிருக்கும் அமுக்கத்தைக் கணித்துவிடலாம். காவலனே கணக்கனுமாகின்றான்.

மூன்றாவது வழி, கலத்தின் உட்சுவரையே வாயுபற்றியாக்குதல். இதன் சிறப்பைக் காண நாம் ஜெனீவா நகரின் அருகே, நிலத்தின் கீழ்ச் செல்லவேண்டும்.

27 கிலோமீற்றர் வளையத்தில்

சுவிற்சர்லாந்தும் பிரான்சும் சந்திக்கும் எல்லையிற் "சேர்ன்" எனப்படும் ஐரோப்பிய அணு ஆய்வு நிலையம் உள்ளது. அங்கே 27 கிலோமீற்றர் சுற்றளவுள்ள சுரங்கத்தில் 1989 முதல் 2000 வரை ஒரு துகள் முடுக்கி இயங்கியது. அத்துணை நீண்ட குழாயில் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பம்பிகளை வைத்தாற் போதாது. வாயு பம்பியை அடைய நெடுந்தூரம் செல்லவேண்டியிருக்கும். எனவே, கிறிஸ்தோபரோ பென்வெனூத்தி முதலிய அறிஞர்கள், சிர்க்கோனியமும் அலுமினியமும் கலந்த வாயுபற்றியை நாடாவாக்கி, குழாயின் நெடுகிலும் உடன்செல்லுமாறு பதித்தனர். பின்னர் இன்னும் ஒருபடி மேலே சென்றனர். நாடா எதற்கு? குழாயின் சுவருக்கே ஏன் பூச்சிடக்கூடாது?

அச்சிந்தனையின் விளைவே தைத்தேனியம், சிர்க்கோனியம், வனேடியம் ஆகிய மூன்றும் கலந்த மெல்லிய பூச்சு. அதன் தடிப்பு ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்தில் ஒரு பங்களவே. காற்றிற் பட்டதும் இப்பூச்சின் மேற்பரப்பு ஒட்சிசனால் மூடப்பட்டு உறங்கிவிடும். ஆனாற் குழாயை இறைத்து, 180 பாகை செல்சியசு அளவிற்கு ஒருநாட் பொழுது சூடாக்கினால், மேற்பரப்பிலிருந்த ஒட்சிசன் பூச்சின் உட்பகுதிக்குள் கரைந்து சென்றுவிடும். தூய உலோகப் பரப்பு மீண்டும் விழித்தெழும். வாயுவைக் கசியவிடும் குற்றமுடையதாயிருந்த சுவரே வாயுவை உண்ணும் பம்பியாகிவிட்டது.

2008 இல் அதே சுரங்கத்தில் இயங்கத் தொடங்கிய பெரும் புரோத்தன் மோதுகருவியில், துகள்கள் செல்லும் வெற்றிடக் குழாய்களின் மொத்த நீளம் 54 கிலோமீற்றர். அவற்றுள் 48 கிலோமீற்றர் கடுங்குளிரில் வைக்கப்பட்டிருப்பதால், குளிர்ந்த சுவரே வாயுக்களை உறையச் செய்து பிடித்துக்கொள்ளும். சாதாரண வெப்பநிலையில் உள்ள எஞ்சிய 6 கிலோமீற்றரைக் காப்பது இம்மூவுலோகப் பூச்சு. பூச்சினாற் பிடிக்க முடியாத வாயுக்களை அகற்ற 780 அயன் பம்பிகள் அமைக்கப்பட்டன.

இக்காவல் தவறினால் என்ன நேரும்? புரோத்தன் கற்றை வளையத்தை வினாடிக்கு 11,000 தடவைக்கு மேற் சுற்றுகின்றது. பத்து மணி நேரம் சுற்றினால் ஏறத்தாழ 1,000 கோடி கிலோமீற்றர் சென்றுவிடும். வழியில் வாயு மூலக்கூறுகள் மலிந்திருந்தால் அவற்றோடு மோதிக் கற்றை சிதறிப்போகும். மோதல் நிகழவேண்டிய இடத்தில் மோதுவதற்கு எதுவும் எஞ்சாது. 2012 ஜூலை 4 ஆம் திகதி அங்கு அறிவிக்கப்பட்ட ஹிக்ஸ் துகளின் கண்டுபிடிப்பை உலகம் கொண்டாடியது. அக்கொண்டாட்டத்தில், சுவரோடு சுவராய் நின்ற பூச்சினை எத்தனை பேர் நினைத்திருப்பர்?

காவலனுக்கும் எல்லை உண்டு

தைத்தேனியம் எல்லாம் வல்லது என எண்ணிவிடலாகாது. ஈலியம், ஆகன் முதலிய சடவாயுக்கள் எதனுடனும் இரசாயன உறவு கொள்ளாதவை. அவற்றைப் படலத்தாற் பற்ற இயலாது. மெதேனும் அறை வெப்பநிலையில் அதற்கு வசப்படுவதில்லை. அயன் பம்பி ஆகனைத் தகட்டினுட் புதைத்து வைக்கும். ஆனால் மேலும் மேலும் தாக்கப்படும் தகடு தேய்ந்து, புதைந்தது வெளிப்படும். அமுக்கம் திடீரென ஏறும். காற்றில் நூற்றுக்கு ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாகவே ஆகன் இருந்தபோதிலும் இத்தொல்லை பெரிதாயிருந்தது. இரு தகடுகளுள் ஒன்றைத் தந்தலம் என்னும் பாரமான உலோகத்தால் அமைத்து இக்குறையைத் தணித்தனர். படலம் மிகத் தடித்தால் உரிந்து வீழ்வதுமுண்டு. திறந்த காற்றிலிருந்து நேரே வெற்றிடம் உண்டாக்கும் வேலையும் இவற்றுக்கு உரியதன்று. பிற பம்பிகள் பெரும்பகுதியை இறைத்தபின், ஊறுவதை அடக்குவதே இவற்றின் பணி.

அப்பணி நம் வாழ்விலிருந்து தொலைவில் இல்லை. புற்றுநோயாளருக்குக் கதிர்ச் சிகிச்சை அளிக்கும் முடுக்கிகளில் இலத்திரன்கள் வெற்றிடத்தினூடே பாய்கின்றன. நோயாளரும் தாதியரும் வீடு சென்றபின், இயந்திரம் ஓய்ந்திருக்கும் இரவிலும் அதன் அயன் பம்பி ஓய்வதில்லை. ஓய்ந்தால் மறுநாட் சிகிச்சை தடைப்படும். நுண்ணிய கிருமியின் உருவைக் காட்டும் இலத்திரன் நுணுக்குக்காட்டிகளிலும், காலத்தை நுட்பமாய் அளக்கும் சீசிய அணுக் கடிகாரங்களிலும் அயன் பம்பிகள் காவல் நிற்கின்றன. வாயுபற்றியின் உதவியால் வெற்றிடத்தைக் காக்கும் சூரிய வெப்பத் தகடுகளையும் பென்வெனூத்தி ஆக்கினார். அவை ஜெனீவா விமான நிலையத்தின் கூரையில் அமைக்கப்பட்டன.

இவ்வுலோகத்தின் தாது நமக்கும் அந்நியமன்று. திருகோணமலைக்கு வடக்கே, புல்மோட்டைக் கடற்கரையிற் பளபளக்கும் கரிய மணலில் இல்மனைற்று என்னும் தைத்தேனியத் தாது செறிந்துள்ளது. அதனை அகழ்ந்தெடுக்க 1957 இல் அரச கூட்டுத்தாபனமொன்று நிறுவப்பட்டது. உலகில் அகழப்படும் தைத்தேனியத் தாதுவின் மிகப் பெரும்பகுதி, வெண்ணிறப் பூச்சுக்கு வேண்டிய நிறப்பொடியாகவே மாறுகின்றது, உலோகமாவது சிறுபகுதியே. அச்சிறுபகுதியிலும் மிகச் சிறியதொரு கூறே வெற்றிடக் கலங்களைச் சென்றடைகின்றது. அளவிற் சிறிது, ஆனால் அது நிற்குமிடத்தில் வேறெதுவும் எளிதில் நிற்கமாட்டாது.

கிரெகரின் கையிலிருந்ததும் கரிய மணலே. புல்மோட்டையிற் கிடப்பதும் கரிய மணலே. அம்மணலின் குணத்தை அறிய ஒன்றரை நூற்றாண்டுக் கால உழைப்பு வேண்டியதாயிற்று. ஒரு பொருளின் குற்றமென நாம் ஒதுக்கும் தன்மையே, உரிய இடத்தில் அதன் பெருங்குணமாகக் கூடும் என்பதை இவ்வரலாறு நமக்குக் காட்டுகின்றது. இரசாயனம் பயிலும் மாணவர்கள், "ஒட்சிசனுடன் எளிதிற் சேரும்" எனப் பாடநூலில் வரும் ஒற்றை வரியைப் படிக்கும்போது, அவ்வரியின் பின்னே இத்துணை பெரிய கதை மறைந்து நிற்பதைச் சற்றே எண்ணிப் பார்ப்பார்களாக.